ஒரே பாத்திரம்

எங்கள் சபைக்குப் புதுசு என்றால் வேப்பங்காய். சித்தூரில் வெள்ளைக்காரப் பாதிரிமார் கட்டிவிட்டுப் போன கோயிலில் மின்விசிறி மாட்டுவதற்கு மூன்று வருஷம் சண்டை நடந்தது. பிரசங்கம் காதில் விழாது, மெழுகுவர்த்தி அணைந்துபோகும், கீதப் புத்தகத்தின் தாள் பறக்கும் என்று ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். மாங்காய்க் காலத்துப் புழுக்கத்தில் வேட்டி நுனியால் விசிறிக்கொண்டே, விசிறி வேண்டாம் என்று பேசினார்கள். கடைசியில் யாரோ காணிக்கையாகக் கொடுத்ததால் வேறு வழியில்லாமல் மாட்டினார்கள். மாட்டிய ஆறாவது மாதம், விசிறிக்குக் கீழே இருக்கிற பெஞ்சுக்காக இரண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்திக்கொண்டன. இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லலாம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பாத்திரத்தைப் பற்றிச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

பாத்திரம் என்றால் இராப்போஜனத்தில் திராட்சரசம் கொடுக்கிற பாத்திரம். வெள்ளி. ஒரு சாண் உயரம், இரண்டு கையாலும் பிடிக்க வேண்டிய கனம். உலர்ந்த திராட்சையை ஊறவைத்துக் கொதிக்கவிட்டுப் பிழிந்த சாற்றை மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அதில் ஊற்றி வைப்பார்கள். பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் போய்ப் பீடத்தின் முன்னால் முழங்கால் போடுவோம். போதகர் ஒவ்வொருவர் வாயிலும் அதே பாத்திரத்தை வைப்பார். ஒரு மிடறு குடித்ததும் விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்து, சற்றுத் திருப்பி, அடுத்தவர் வாயில் வைப்பார். பொடி போடுகிறவர், வெற்றிலை போடுகிறவர், பல் இல்லாதவர், கைக்குழந்தைக்காரி, எல்லாருக்கும் ஒரே விளிம்புதான்.

அதில் எங்களுக்கு ஒரு பெருமை இருந்தது. நைனாவின் சொந்த ஊர் பிச்சாட்டூர் பக்கம். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் சிறுவனாக இருந்தபோது அந்த ஊர் டீக்கடையில் எங்கள் ஆட்களுக்குத் தனி கிளாஸ். கடைக்கு வெளியே கூரையில் செருகியிருக்கும். நாமே எடுத்து நீட்டி, உயரத்திலிருந்து ஊற்றுவதை வாங்கிக் குடித்து, நாமே கழுவித் திரும்பச் செருக வேண்டும். அதற்கு முன்னால், நைனாவின் தகப்பனார் வேதத்துக்கு வந்து ஞானஸ்நானம் எடுத்த அன்று, ஒரு வெள்ளைக்காரத் துரையும் அவர் மனைவியும் குடித்த பாத்திரத்தில் அடுத்த வாய் வைத்தாராம். "அதே ஈரத்துல" என்று சொல்லும்போது நைனாவுக்குக் குரல் கம்மிவிடும். எங்களோடு ஒரே பாத்திரத்தில் குடிக்க மனம் வராத சில குடும்பங்கள் அந்தக் காலத்திலேயே எழுந்து வேறு சபைக்குப் போய்விட்டன. போனால் போகட்டும் என்று எங்கள் ஆட்கள் விட்டுவிட்டார்கள்.

நைனா மிஷன் ஆரம்பப் பள்ளியில் வாத்தியார், சபைக் கமிட்டியில் மூப்பர். அம்மா நாங்கள் சின்னவர்களாக இருக்கும்போதே டைபாய்டில் போய்விட்டாள். வீட்டில் நைனா, அக்கா, நான், மூன்று பேர்தான். அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குப் போகவேண்டிய நேரத்தில் அவளுக்கு இருமல் வந்தது, பிறகு இருமலோடு ரத்தம் வந்தது. க்ஷயம். மதனப்பள்ளி பக்கத்தில் ஒரு சானடோரியத்தில் பதினெட்டு மாதம் இருந்தாள். அறுபதுகளின் கடைசியில் திரும்பி வந்தபோது, கன்னம் உப்பி, போனபோது இருந்ததைவிட அழகாக இருந்தாள். கையில் டாக்டர் கொடுத்த காகிதம் இருந்தது. கபத்தில் கிருமி இல்லை, யாரோடும் பழகலாம், தனித் தட்டு தேவையில்லை என்று அதில் எழுதியிருந்தது.

நானும் நைனாவும் அதைப் படித்தோம். சந்தோஷப்பட்டோம். அன்று மத்தியானம் அக்காவுக்குச் சோறு அவளுடைய பழைய தனித் தட்டில்தான் போட்டோம், தண்ணீர் அவளுடைய தனி டம்ளரில்தான் வைத்தோம். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. போவதற்கு முன் தொடங்கிய பழக்கம், வந்த பிறகும் அது பாட்டுக்கு ஓடியது. அக்கா தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு சாப்பிட்டாள்.

அவள் மனதில் வேறு ஒன்று இருந்தது. சாயங்காலம் என்னிடம் சொன்னாள். "மொதல் ஞாயித்துக்கிழம எல்லாரோடயும் முட்டி போட்டு பாத்திரத்துல வாங்கணும்டா. டாக்டரு காகிதம் இன்னா பெரிய காகிதம்? அங்க வாங்கினாத்தான் எனுக்கு சரியாப் போச்சின்னு எனுக்கே நம்பிக்க வரும்." பதினெட்டு மாதம் படுக்கையில் கிடந்தபோது அவள் எண்ணிக்கொண்டிருந்தது அதைத்தான்.

முதல் ஞாயிறு வந்தது. நீலக்கரை போட்ட வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு, பெண்கள் வரிசையில் நடுவில் போய் முழங்கால் போட்டாள். அவளுக்கு இடப்பக்கம் இருந்த அம்மாள் அவளுக்கு முன்னால் குடித்தாள், அதனால் அந்த அம்மாளுக்குப் பிரச்சினை இல்லை. அக்கா குடித்தாள். வலப்பக்கம் இருந்தவள் பாத்திரம் வரும்போது உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். அதற்கடுத்தவளும் அப்படியே. அந்த வரிசை எழுந்து போனதும் அடுத்த பன்னிரண்டு பேர் வரவேண்டும். ஐந்து பேர்தான் வந்தார்கள். மற்றவர்கள் பெஞ்சிலேயே தலை குனிந்து ஜெபம் செய்தார்கள். அவ்வளவு பக்தியை நான் எங்கள் கோயிலில் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

அப்போது எங்கள் போதகர் இளைஞர். பெங்களூரில் படித்துவிட்டு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். பாத்திரம் அவர் கையில்தானே இருந்தது, மூடிய உதடுகளை எல்லாம் அவர்தான் கிட்டத்தில் பார்த்தார். அடுத்த வாரம் கமிட்டியைக் கூட்டினார். மூப்பர்கள் ஏழு பேர். நான் மூப்பர் இல்லை, இருபத்துமூன்று வயது, தாலுகா ஆபீசில் எழுத்தர். கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும் என்பதால் கமிட்டித் தீர்மானங்களை எழுத என்னை வைத்திருந்தார்கள்.

ஆராதனை முடிந்து, கோயிலை ஒட்டிய அறையில் உட்கார்ந்தோம். ஐயர் ஒரு மரத்தட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். தட்டில் குழி குழியாக ஓட்டை. ஒவ்வொரு ஓட்டையிலும் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கண்ணாடிக் கிண்ணம். பெங்களூரில் ஒரு சபையில் இப்படித்தான் கொடுக்கிறார்கள், ஆளுக்கு ஒன்று, எல்லாரும் ஒரே நேரத்தில் குடிக்கலாம், நோயாளிகளுக்கும் வயசானவர்களுக்கும் பயம் இல்லை என்றார். அக்காவின் பெயரை அவர் எடுக்கவில்லை.

கிண்ணம் கைக்குக் கை போனது. எங்கள் மூப்பர்களில் ஒருவர் முனிசிபல் மருத்துவமனையில் முப்பது வருஷம் கம்பவுண்டராக இருந்தவர். அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"இன்னா ஐயரே இது, பேதி மருந்து ஊத்தற கிளாஸ் மாதிரி இருக்குது?"

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு வந்துவிட்டால் எங்கள் சபையில் காரியம் முடிந்தது என்று அர்த்தம்.

"வெள்ளியில கிருமி நிக்காது ஐயரே. இது எங்க சர்வீஸ்ல நாங்க பாத்தது" என்றார் கம்பவுண்டர். போன ஞாயிறு அவருடைய சம்சாரம்தான் அக்காவுக்கு வலப்பக்கத்தில் உதட்டை மூடிக்கொண்டவள்.

ஐயர் விடவில்லை. "அப்படின்னா நீங்க எல்லாரும் தைரியமா குடிக்கலாமே. ஏன் அன்னிக்குப் பாதிப் பேரு எழுந்து வரல?" என்று கேட்டார். அப்போதுதான் நைனா எழுந்தார்.

நைனா பேசுவதில் கெட்டிக்காரர். கையைக் கட்டிக்கொண்டு மெதுவாக ஆரம்பித்தார். "ஐயரே, நீங்க படிச்சவரு. நான் டீக்கடையில தனி கிளாஸ்ல குடிச்சி வளந்தவன். மழையில அந்த கிளாஸ்ல தண்ணி ரொம்பி நிக்கும், பூச்சி வுழுந்து கெடக்கும். அதக் கொட்டிட்டு டீ வாங்கிக்கினு வருவேன். எங்கப்பன் எதுக்கு வேதத்துக்கு வந்தான்? ஒரே பாத்திரம்னு சொன்னாங்க, அதுக்கு வந்தான். இப்ப கோயில்லயும் ஆளுக்கொரு கிளாஸா? நான் உசுரோட இருக்கற வரைக்கும் எங்க கோயில்ல தனி கிளாஸ் வரக் கூடாது."

கம்பவுண்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்னொருவர் மூக்கைச் சிந்தினார். நானும் எழுதுவதை விட்டுவிட்டு நைனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன், பொய் சொல்ல மாட்டேன். நைனா சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. ஐயர் தலையைக் குனிந்துகொண்டு கிண்ணங்களை ஒவ்வொன்றாகத் தட்டில் திருப்பி வைத்தார்.

விஷயம் அத்தோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. கம்பவுண்டர் தொண்டையைச் செருமினார். "பாப்பாவப் பத்தியும் ஒரு வழி பண்ணிடலாம். நம்ப பொண்ணு, வுட்டுட முடியுமா? எல்லாரும் வாங்கின பொறவு கடசியா வரட்டும். வூட்லருந்து அதும் டம்ளர எடுத்துக்கினு வந்துச்சின்னா ஐயரு அதுல ஊத்திக் குடுத்துடட்டும். யாருக்கும் சங்கடம் இல்ல. இன்னா சொல்றீங்க வாத்தியாரே?"

நைனா மேஜையைப் பார்த்தபடியே "செய்ங்க" என்றார்.

நைனா எழுந்து பேசி உட்கார்ந்து கால்மணி நேரம் ஆகியிருக்காது. அவருடைய கண்ணில் ஈரம்கூடக் காயவில்லை. அந்த அறையில் இருந்த ஏழு மூப்பர்களில் ஒருவருக்கும் தாங்கள் என்ன செய்தோம் என்று தெரியவில்லை. தனி கிளாஸ் வரக்கூடாது என்று அழுதவர்கள், ஒருத்திக்குத் தனி டம்ளர் கொடுத்து, அதையும் அவளே வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும் என்று தீர்மானித்துவிட்டு, சமாதானமாக எழுந்தார்கள். ஐயருக்குத் தெரிந்தது. அவர் என்னைப் பார்த்தார். எனக்கும் தெரிந்தது. தெரிந்தும் எழுதினேன். முதல் தீர்மானம், நம்முடைய முன்னோர்களின் வழக்கப்படி ஒரே பாத்திரமே தொடரும். இரண்டாம் தீர்மானம், வாத்தியாரின் குமாரத்தி மட்டும் கடைசியாக, தன் டம்ளரில். ஒன்றுக்குக் கீழே ஒன்றாக, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன்.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். பயம் என்று சொல்லிக்கொண்டால் மானம் கொஞ்சம் மிஞ்சும். உண்மை அதைவிடக் கேவலம். எனக்கும் அந்தக் கண்ணாடிக் கிண்ணங்களைப் பிடிக்கவில்லை. பார்த்தவுடனே பிடிக்கவில்லை. சின்னதாக, பளபளவென்று, நம்முடையது இல்லாத மாதிரி இருந்தன. அக்காவுக்கு என்ன ஆகிறது என்பது எனக்கு இரண்டாவதாகத்தான் தோன்றியது.

வீட்டில் நைனாவே சொன்னார். அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பினாள்.

"நீதான் எழுதினியா?"

"ஆமாம்."

"எழுத்து நல்லா வந்துச்சா?"

அவள் களைந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு அடுப்பில் உலை வைத்தாள்.

நான்கு மாதம் அவள் அப்படிப் போனாள். எல்லாரும் வாங்கி முடித்துப் பெஞ்சுக்குத் திரும்பிய பிறகு, காலியாகக் கிடக்கும் பீடத்தின் முன்னால் தனியாக நடந்து போய் முழங்கால் போடுவாள். ஐயர் பாத்திரத்திலிருந்து டம்ளரில் ஊற்றுவார். முதல் இரண்டு மாதம் வேலூரிலிருந்து ஒரு குடும்பம் அவளைப் பெண் கேட்டுக்கொண்டிருந்தது. மூன்றாம் மாதம் மாப்பிள்ளையின் அம்மா ஆராதனைக்கே வந்து, பின் பெஞ்சில் உட்கார்ந்து, அவள் தனியாக நடந்து போவதைப் பார்த்தாள். அதற்குப் பிறகு கடிதம் இல்லை. டாக்டரின் காகிதத்தை நைனா ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினார். யார் படிக்கப் போகிறார்கள்? கண்ணால் பார்த்தாயிற்று.

ஐந்தாம் மாதம் எல்லாரும் வாங்கி முடித்த பிறகு ஐயர் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா பெஞ்சிலிருந்து எழவில்லை. அவர் நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் யாரோ கீதத்தை ஆரம்பித்தார்கள்.

அடுத்த வருஷம் அவளுக்குத் திருப்பதியில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. தெலுங்கு மீடியம். சித்தூர் பஸ் ஸ்டாண்டில் ஏற்றிவிடப் போனேன். டிரங்குப் பெட்டியை மேலே போட்டுவிட்டு, "மாசாமாசம் வாக்கா" என்றேன். "பாக்கலாம்" என்றாள். பண்டிகைக்கு வந்தாள், என் கல்யாணத்துக்கு வந்தாள், நைனா செத்தபோது வந்தாள். இராப்போஜனம் உள்ள ஞாயிறாகப் பார்த்து அவள் ஒருநாளும் வந்ததில்லை. திருப்பதியிலும் அவள் வாங்குவதில்லை என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆராதனைக்குப் போவாள், பிரசங்கம் முடிந்ததும் எழுந்து வந்துவிடுவாள்.

எண்பதுகளில் எங்கள் ஊருக்கு ஒரு இன்ஜினியர் மாற்றலாகி வந்தார். அவர் மனைவி மெட்ராஸ்காரி. நல்ல மாதிரி, மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் பேசுவாள். முதல் இராப்போஜனத்திலேயே, தனக்கு முன்னால் வாங்கியவரின் பொடி வாசனை பாத்திரத்தின் விளிம்பில் அடித்ததாம். அப்போதிருந்த போதகரிடம் போய், "ஐயோ, இன்னுமா நீங்க இப்படிக் குடுக்கறீங்க? எங்க சர்ச்சுல எல்லாம் எப்பவோ சின்ன கப் வந்துடுச்சே" என்றாள். அவ்வளவுதான் அவள் செய்தது.

கமிட்டி கூடியது. இந்த முறை நானும் மூப்பர். பழைய ஏழு பேரில் கம்பவுண்டர் மட்டும் பாக்கி, காது மந்தமாகி, கோலூன்றிக்கொண்டு வந்திருந்தார். போதகர் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் சொன்னார். "வெச்சிடலாமே. காலத்துக்கு ஏத்த மாதிரி போவணுமில்ல? ஆரோக்கியத்துக்கும் நல்லது." மற்றவர்கள் தலையாட்டினார்கள். யாரும் சிரிக்கவில்லை, யாரும் அழவில்லை. இன்ஜினியர் வீட்டு அம்மாள் கேட்டால் பேதி மருந்து கிளாஸும் ஆரோக்கியம் ஆகிவிடும் போலிருக்கிறது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்து நின்றேன். அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுந்தேன். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் இதே மேஜையில் இதையே வைத்தார்களே, அன்றைக்கு ஏன் முடியவில்லை என்று கேட்க வேண்டும். எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. வாயைத் திறந்தால் வந்தது வேறு. "ஒரே பாத்திரத்துக்காகத்தான் நம்ம ஆளுங்க வேதத்துக்கு வந்தாங்க. கோயில்ல தனி கிளாஸ் வரக் கூடாது." நைனாவின் சொற்கள். அவரை மாதிரியே கையையும் கட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு இளைஞன் பக்கத்தில் இருந்தவனிடம், "வாத்தியார் மவன் இல்ல? அப்படித்தான் இருப்பாரு" என்றது காதில் விழுந்தது. ஓட்டெடுப்பில் என் கை ஒன்றுதான் எதிராக உயர்ந்தது. கம்பவுண்டர் என் தோளைத் தட்டி, "பழசையே புடிச்சிக்கினு இருந்தா எப்படிப்பா?" என்று எனக்குப் புத்தி சொன்னார்.

அந்த வாரமே திருப்பதிக்கு பஸ் ஏறினேன். அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று ஒரே துடிப்பு. உனக்காக நான் ஒருவன் எதிர்த்து நின்றேன், அன்றைக்கு உனக்குக் கிடைக்காதது இன்று யாருக்கும் கிடைக்கக் கூடாது என்று நின்றேன். அவள் சந்தோஷப்படுவாள், கண் கலங்குவாள் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டே போனேன்.

ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு போர்ஷனில் குடியிருந்தாள். தரையில் உட்கார்ந்து பரீட்சை நோட்டுகள் திருத்திக்கொண்டிருந்தாள். தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவள் கையில் இருந்த நோட்டைத் திருத்தி முடித்து, மார்க் போட்டு, மூடிக் கீழே வைத்தாள்.

"அப்பவும் வாணான்னு எழுதினே. இப்பவும் வாணான்றே" என்றாள். "உனுக்கு இன்னாடா வேணும்?"

"உனக்காகத்தான்க்கா..."

"எனுக்காகவா? எங்கள மாதிரி எத்தினி பேரு இருப்பாங்க. இருமறவங்க, வாய்ல புண்ணு வந்தவங்க, சொல்ல முடியாம பின்னால ஒக்காந்துக்கினு இருக்கறவங்க. அதுங்களாச்சும் நாலு பேரோட முட்டி போடட்டுமே. அதயும் கெடுக்கப் பாத்தியா?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். திருப்பதிக்கு வந்த பிறகு அவள் பேச்சில் தெலுங்கு கூடிவிட்டது. "போனீலே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, விட்டுத்தள்ளு என்கிற மாதிரி கையை அசைத்துவிட்டு அடுத்த நோட்டை எடுத்தாள்.

"நீ வாக்கா. அடுத்த மொதல் ஞாயிறு வா. இப்ப யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது" என்றேன்.

"எனுக்கு வாணாம்" என்றாள். "நான் பழகிட்டேன்."

அடுத்த மாதம் முதல் ஞாயிறு போனேன். பன்னிரண்டு பேரோடு முழங்கால் போட்டேன். தட்டு வந்தது. கட்டைவிரல் அளவுக்கு ஒரு கண்ணாடிக் கிண்ணம், ஒரு மிடறு, அவ்வளவுதான். எடுத்துக் குடித்துவிட்டுத் திருப்பி வைத்தேன். இடப்பக்கம் இருந்தவரும் குடித்தார், வலப்பக்கம் இருந்தவரும் குடித்தார். கம்பவுண்டர் குடித்துவிட்டு உதட்டை நக்கிக்கொண்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இவ்வளவு சுலபமான காரியத்துக்கா என் அக்காவைத் தொலைத்தோம் என்று அங்கேயே, அவர்கள் எல்லாருக்கும் நடுவில், வாய்விட்டு அழுதேன். எனக்குப் பக்தி வந்துவிட்டதாகச் சபையில் சொல்லிக்கொண்டார்கள்.